மகள் குடிபூர்ந்த மண்வீடு

1

ஊரிலிருந்து இதை வாசிக்கிறவர்களுக்கு முதலில் செய்தியைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் மதுரா சில மாதங்களுக்கு முன்பு புதுவீடு குடிபூர்ந்தாள். உடனே நீங்கள் இரட்டைக் கராஜ், மூன்று குளியலறை, குசினியில் கருங்கல் மேடை என்று நினைத்துக்கொண்டால் அது உங்கள் பிழை இல்லை. நாங்கள் இங்கிருந்து அனுப்புகிற படங்கள் அப்படி. ஆனால் அவள் போனது மண்வீட்டுக்கு. தடி நட்டு, வரிச்சுக் கட்டி, களிமண்ணும் சாணமும் வைக்கோலும் குழைத்து அப்பிய சுவர். அதற்கு மேல் சுண்ணாம்பு. கட்டி நானூறு வருஷம் இருக்கும் என்கிறார்கள். அதைப் பெருமையாக வேறு சொல்கிறார்கள்.

மெல்பேர்னிலிருந்து மேற்கே போய், பல்லராட்டையும் தாண்டி, ஆடுகள் மட்டும் மேய்கிற ஒரு மேட்டில் அந்த வீடு நிற்கிறது. நிற்கிறது என்று மரியாதைக்குச் சொல்கிறேன். உண்மையில் அது சாய்ந்துகொண்டிருக்கிறது. நான் ஊரில் படவரைஞராக இருந்தவன். இந்த நாட்டில் ஒரு நகரசபையின் கட்டட அனுமதிப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒரு சுவர் தூக்குக்குண்டுக்கு நேராக இல்லையென்றால் எனக்குச் சாப்பாடு இறங்காது. அந்த வீட்டில் நேரான சுவர் ஒன்றுகூட இல்லை. கூடத்தின் நடுவில் ஒரு தேசிக்காயை வைத்தால் அது தானாகவே உருண்டு குசினிக்குப் போய்ச் சேரும். இதை நான் செய்து பார்த்தேன். மதுராவுக்குக் கோபம் வந்தது.

“அப்பா, ப்ளீஸ். டோன்ட் ஸ்டார்ட்” என்றாள்.

நான் இன்னும் தொடங்கவே இல்லை என்பது அவளுக்கும் தெரியும்.

2

மருமகன் கரெத் நல்ல பிள்ளை. இதை முன்கூட்டியே சொல்லிவைக்கிறேன். அவனுடைய வீட்டைப் பற்றி நான் சொல்லப்போவதை வைத்து அவனைத் தப்பாக நினைக்கக் கூடாது. அவனுடைய பூட்டன் வேல்ஸ் தேசத்திலிருந்து வந்தவர். வேல்ஸ் என்பது இங்கிலாந்துக்குப் பக்கத்தில் ஒட்டிக்கொண்டிருக்கிற மலைநாடு. மழையும் ஆடும் அங்கே தாராளம். அவர்களுக்கு இங்கிலாந்துக்காரனைப் பிடிக்காது. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு அவர்களோடு ஒத்துப்போகும்.

பூட்டனின் ஆட்கள் தலைமுறை தலைமுறையாக அந்தப் பண்ணைவீட்டில் வாரக் குடிகளாக இருந்திருக்கிறார்கள். ஒருநாள் நிலச்சொந்தக்காரன் அவர்களை எழுப்பிவிட்டான். பூட்டன் கப்பலேறி இங்கே வந்து, கம்பளியில் பணம் பார்த்து, பெரிய மனிதர் ஆனார். பழைய வீட்டை இடித்து விறகாக்கப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டதும் ஆள் விட்டு அதை மர விலைக்கு வாங்கினார். ஒவ்வொரு துண்டாகக் கழற்றி, கப்பலில் ஏற்றி, இந்த மேட்டில் திரும்பவும் பொருத்தினார். கரெத் இதைச் சொல்லும்போது கண் கலங்குகிறான். எனக்குக் கலங்கவில்லை. தன்னைத் துரத்திய வீட்டையே தூக்கிக்கொண்டு வந்தது பாசத்தால் அல்ல, வீம்பால். அதே வீம்பில்தான் எங்கள் ஆட்களும் கனடாக் காசிலும் லண்டன் காசிலும் ஊரில் மூன்று மாடி வைத்துக் கட்டி, அதற்குள் ஒரு காவல்காரனையும் அவனுடைய நாயையும் குடியிருத்துகிறார்கள்.

வேலைப்பாட்டைப் பற்றிச் சொல்லவேண்டியதைச் சொல்லத்தான் வேண்டும். தொழில் மறக்கவிடாது. முழுவதும் ஓக்கு மரம். வளைந்து வளர்ந்த மரமாகத் தேடி வெட்டி, அதை நெடுக்காக இரண்டாகப் பிளந்து, இரண்டு பாதியையும் எதிரெதிரே நிறுத்தி உச்சியில் சேர்த்திருக்கிறார்கள். கும்பிட்ட கை மாதிரி இருக்கும். அப்படி நாலு சோடி நிலத்திலிருந்து முகடு வரை போகிறது. கூரைப் பாரம் முழுவதும் அதில். சுவருக்கு வேலையே இல்லை. காற்றை மறிப்பது மட்டும்தான். இணைப்பு எதிலும் ஆணி கிடையாது. துளைத்து, மர முளை அறைந்து இறுக்கியிருக்கிறார்கள். ஒவ்வொரு பொருத்திலும் தச்சனின் உளிக் குறி இருக்கிறது, எது எதோடு சேரவேண்டும் என்று. பச்சை மரத்திலேயே செய்த வேலை. காயக் காய முறுகும், முறுக முறுகப் பிடிக்கும். அதனால்தான் கோணல். கோணலுக்குக் காரணம் இருப்பதால் கோணல் நேராகிவிடாது.

நடுவில் ஒரு நடை. முன்வாசலும் பின்வாசலும் நேருக்கு நேர். நடைக்கு இடது பக்கம் மனிதர், வலது பக்கம் மாடு. ஆம், மாடு. ஒரே கூரையின் கீழ். எங்கள் ஆட்கள் மாட்டுக்குத் தனிக் கொட்டில் போட்ட காலத்தில் ஐரோப்பாக்காரன் மாட்டின் மூச்சில் குளிர்காய்ந்து படுத்திருக்கிறான். ஆரம்பத்தில் புகைபோக்கிகூட இல்லை. கூடத்தின் நடுவில் தீ மூட்டுவார்கள், புகை கூரைக்குள் சுற்றித் தனக்கு விருப்பமான ஓட்டையால் போகும். முகட்டுக் கைமரங்கள் இன்னும் கரிப்பிடித்துக் கறுப்பாக இருக்கின்றன. பிறகு வந்தவர்கள் அடுப்பைக் கல்லால் கட்டி, புகைபோக்கி வைத்து, மேலே பரண் தட்டு அடித்து, மாட்டை வெளியே அனுப்பினார்கள். இப்போது அந்த மாட்டுப் பக்கம்தான் மதுராவின் ஸ்ரடி, படிப்பறை. டாக்டர் பட்டம் வாங்கிய பிள்ளை, கிளேட்டனில் பல்கலைக்கழகம் படித்தவள், அங்கே கதிரை போட்டிருந்து கணினியில் வேலை செய்கிறாள்.

என் மனைவியின் ஒன்றுவிட்ட தம்பி சுதனை ஒருநாள் வீடு காட்டக் கூட்டிக்கொண்டு போனேன். அவன் படகில் வந்தவன். வந்து பத்து வருஷத்துக்கு மேலாகிறது. வயதும் நாற்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் தற்காலிக விசாவில் பார லொறி ஓட்டிக்கொண்டிருக்கிறான். கரெத் சொன்ன கதையெல்லாம் அமைதியாகக் கேட்டான். பிறகு என் பக்கம் திரும்பி மெல்லக் கேட்டான்.

“அத்தான், அப்ப இந்த வீடும் கடலாலதான் வந்தது என்ன? இதுக்கு என்ன விசா குடுத்தவங்கள்?”

அந்த வீட்டுக்கு அரசாங்கப் பாதுகாப்பு. ஒரு முளையைக்கூட அனுமதி இல்லாமல் கழற்ற முடியாது. நான் சிரித்தேன். கரெத் என்னவென்று கேட்டான். மொழிபெயர்க்கவில்லை.

3

கல்வீடு, மண்வீடு என்பது எங்களுக்கு என்ன என்று இந்த நாட்டில் பிறந்த பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைக்க முடியாது. உங்களுக்குச் சொல்லவே தேவையில்லை. என் அக்காவைப் பெண் பார்க்க வந்தவர்கள், எல்லாம் பொருத்தம், ஆனால் கல்வீடு இல்லாமல் சம்பந்தம் இல்லை என்றார்கள். அப்பா யோசித்தார். வீதியிலிருந்து தெரிகிற பக்கத்தை மட்டும் கல்லால் எழுப்பினார். விறாந்தை, இரண்டு தூண், தூணின் தலையில் சீமெந்துப் பூ. பின்னால் பழைய மண்சுவர் அப்படியே இருந்தது. மாப்பிள்ளை வீட்டார் விறாந்தையில் இருந்து தேத்தண்ணி குடித்துச் சம்மதம் சொல்லிப் போனார்கள். அக்காவின் மாமியாருக்குக் கலியாணம் முடிந்த பிறகுதான் எங்கள் குசினியைப் பார்க்கக் கிடைத்தது. அந்த மனுசி சாகும்வரை அதைச் சொல்லிக்காட்டினாள்.

இடம்பெயர்ந்து போய் வருஷக்கணக்கில் கழித்துத் திரும்பி வந்தபோது மண்சுவர் கரைந்திருந்தது. கல்முகம் மட்டும் நின்றது. கூரை மரமும் கதவும் நிலையும் இல்லை. யாரோ பிடுங்கிக்கொண்டு போயிருந்தார்கள், பங்கருக்கோ விறகுக்கோ. நிலை இருந்த இடம் வெறும் ஓட்டை.

இங்கே வந்து முதன்முதலாக ஒரு வீடு கட்டுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தபோது எனக்கு அப்பாவின் நினைவுதான் வந்தது. முழு வீடும் மெல்லிய பைன் மரச் சட்டம். உள்ளே அட்டை மாதிரி ஒரு பலகை. வெளியே ஒரே ஒரு வரிசைச் செங்கல். அந்தச் செங்கல் எதையும் தாங்குவதில்லை. வீதிக்குக் காட்டத்தான் அது. ஒரு நாடே என் அப்பாவின் தந்திரத்தில் குடியிருக்கிறது. எங்கள் ஆட்கள் சனிக்கிழமைப் பார்ட்டிகளில் ஒருவர் வீட்டை ஒருவர் சுற்றிப் பார்த்து, வெளிச்சுவரில் உள்ளங்கையால் தட்டி, “நல்ல சொலிட் வீடு” என்பார்கள். டாக்குத்தர்மார், எஞ்சினியர்மார். சாமிப்படம் கொழுவ உள்சுவரில் ஆணி அடித்தால் ஆணி உள்ளே போய்க் காணாமல் போவதைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள். மண்வீட்டிலிருந்து தப்பி வந்தோம் என்று நினைக்கிற கூட்டம் தடி வீட்டில் படுத்திருக்கிறது.

இதெல்லாம் தெரிந்த நானே மெல்பேர்னின் புறநகர் பொயிண்ட் குக்கில் அப்படி ஒன்றை வாங்கினேன். எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம். மதுராவுக்காக. எங்கள் ஊர்ப் பக்கம் வீடு பெண்பிள்ளைக்குத்தான், சீதனமாக. மகளுக்கு ஒரு வீடு கொடுக்காத தகப்பன் என்ன தகப்பன்? வாசல் கிழக்குப் பார்க்க வேண்டும் என்று அலைந்து பிடித்தோம். மனைவி சகுந்தலா சாமியறைக்கு ஒரு மூலை ஒதுக்கி, அங்கே படம் வைக்கத் தட்டும் அடிப்பித்தாள்.

மதுரா வந்து பார்த்தாள். அறை அறையாகப் போனாள். “நைஸ்” என்றாள். அந்தச் சொல்லை இவர்கள் எதற்குப் பாவிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியும்.

“அப்பா, ஐ நெவர் ஆஸ்க்ட் ஃபோர் இற்.”

தான் கேட்கவே இல்லையாம். நான் என்ன, ஐஸ்கிறீமா வாங்கி வந்தேன், கேட்டால் வாங்கித் தர? எந்தப் பிள்ளை கேட்டு எந்தத் தகப்பன் கொடுத்தான்? அதையெல்லாம் தமிழில் சொன்னேன். அவள் ஆங்கிலத்தில் பதில் சொன்னாள். இரண்டு பேரும் சத்தமாகச் சொன்னோம். பிறகுதான் அவள் கரெத்தின் மண்வீட்டைத் திருத்திக் குடியிருக்கப் போவதாகச் சொன்னாள்.

நான் பொயிண்ட் குக் வீட்டை வாடகைக்கு விடவில்லை. பூட்டி வைத்தேன். கிழமைக்கு ஒருமுறை போய்ப் புல் வெட்டினேன், யன்னல் திறந்து காற்றுப் போகவிட்டேன். ஒரு குளிர்காலம் தாங்கமாட்டாள் என்பது என் கணக்கு. அந்த மேட்டில் யூலை மாதக் காற்று வரிச்சுக்குள்ளால் வந்து அடிக்கும்போது, கதவைத் தட்டிக்கொண்டு வந்து நிற்பாள். மகள் பக்கத்தில் இருக்கவேண்டும், நான் கொடுத்த கூரைக்குக் கீழே இருக்கவேண்டும். வேறு ஆசை எனக்கு இல்லை.

4

குடிபூரல் ஞாயிற்றுக்கிழமை. ஐயர் அவ்வளவு தூரம் வரமாட்டேன் என்றுவிட்டார். ஆட்டுக்காட்டுக்கு வர அவருக்கு என்ன தலையெழுத்து? சகுந்தலாதான் எல்லாம் செய்வதாக இருந்தாள். முதலில் வாசல் நிலைக்கு மஞ்சள் பூசி, சந்தனமும் குங்குமமும் வைத்து, மாவிலை கட்டி, அதன் பிறகுதான் வலது காலை எடுத்து வைத்து உள்ளே போகவேண்டும்.

மாவிலைக்கு மெல்பேர்னில் எங்கே போவது? பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணம் ஒன்று கடையில் வாங்கினோம். சீனாவில் செய்தது. ஊரில் என்றால் காறித் துப்புவார்கள். இங்கே எல்லோர் வீட்டிலும் அதுதான் தொங்குகிறது, வருஷம் முழுக்க, தூசி பிடித்து.

தோரணத்தைக் கட்ட ஆணி வேண்டும். சுதன் லொறியிலிருந்து சுத்தியலும் ஆணியும் கொண்டுவந்தான். நானூறு வருஷமாக ஒரு ஆணியும் ஏறாத நிலை அது. நான் பார்த்துக்கொண்டுதான் நின்றேன், தடுக்கவில்லை. முதல் ஆணி வளைந்தது. இரண்டாவதும் வளைந்தது.

“என்ன அத்தான், இரும்பில செய்தவங்களோ?” என்றான் சுதன்.

மூன்றாவது ஆணியைச் சாய்த்து அறைந்து ஏற்றிவிட்டான். சகுந்தலா ஒரு பக்க நிலைக்காலில் அடியிலிருந்து தலை உயரம் வரை மஞ்சளை நன்றாகக் குழைத்து அப்பி, பொட்டும் வைத்து முடித்தாள். மற்றப் பக்கத்துக்குத் திரும்புகிற நேரம், உள்ளேயிருந்து கரெத்தோடு அந்த அதிகாரிப் பெண் வந்தாள்.

அவள் மாவட்டசபையின் மரபுரிமைப் பிரிவில் பழைய கட்டடங்களுக்குப் பொறுப்பானவள். கழுத்தில் கம்பளிச் சால்வை, காலில் சேறு படாத சப்பாத்து. திருத்தவேலைக்கு அனுமதி கொடுத்தவள் என்பதால் கரெத் மரியாதைக்கு அழைத்திருந்தான். காலையிலிருந்து அவள் எங்களுக்கு வீட்டைச் சுற்றிக் காட்டிக்கொண்டிருந்தாள், எங்கள் மகளின் வீட்டை எங்களுக்கு. அடுப்புக்கு மேலே இருக்கிற பெரிய உத்தரத்தில், தீராந்தியில், கவராயத்தால் கீறிய பூக்கோலம் ஒன்றைக் காட்டினாள். சூனியக்காரி புகைபோக்கியால் இறங்காமல் இருக்கக் கீறினதாம். பக்கத்தில் வரிசையாகக் கருகல். மெழுகுதிரியைச் சாய்த்துப் பிடித்து வேண்டுமென்றே சுட்ட அடையாளம், நெருப்புப் பிடிக்காமல் இருப்பதற்கு. விரலால் தொடாமல், தொடுகிற மாதிரி தடவிக் காட்டினாள். அவர்கள் செய்தால் அது வரலாறு. சகுந்தலா தேசிக்காய் வெட்டி வைத்தால் மூடநம்பிக்கை. இந்த நாட்டில் இவ்வளவு காலம் இருந்ததில் எனக்கு வந்த ஞானம் இவ்வளவுதான்.

வாசலுக்கு வந்தவள் மஞ்சளைப் பார்த்தாள். பிறகு ஆணியைப் பார்த்தாள். பிறகு பிளாஸ்ரிக் இலையைப் பார்த்தாள். முகம் வெள்ளைத்துணியாகிவிட்டது.

குரலை உயர்த்தவில்லை. இவர்கள் உயர்த்துவதில்லை. பாதுகாக்கப்பட்ட மரத்துக்குச் சேதம் விளைவிக்கப்பட்டிருக்கிறது என்றாள். யாரும் தண்ணீர் போட்டுத் துடைக்கக் கூடாது, நிபுணர் ஒருவர் வந்து பார்க்கவேண்டும், அதுவரை குடியிருப்பு அனுமதியை நிறுத்திவைக்கும்படி எழுதவேண்டிவரும் என்றாள். கரெத் தலையைக் கையில் பிடித்துக்கொண்டான். சகுந்தலா தட்டோடு நின்றாள்.

“என்னவாம், என்னப்பா? நான் ஏதும் பிழை செய்துபோட்டனோ?”

அந்தப் பெண் என் பக்கம் திரும்பியிருந்தாள். கரெத் சொல்லியிருக்கவேண்டும். நீங்களும் நகரசபையில் வேலை செய்தவர்தானே, உங்களுக்கு விளங்கும்தானே என்றாள்.

விளங்கியது. நன்றாகவே விளங்கியது. அனுமதி நின்றால் இவர்கள் இரண்டு பேரும் பெட்டியோடு எங்கே போவார்கள்? கூட்டித் துடைத்து, யன்னல் திறந்து, பூட்டி வைத்திருக்கிற வீடு ஒன்று இருக்கிறது. நிபுணர் வரவே மாதக்கணக்கில் எடுக்கும், அதற்குள் பழகிவிடுவார்கள். எனக்கு உள்ளே சந்தோஷம் வந்தது. மஞ்சள் வெயிலில் தானாகவே வெளிறிப் போகும், வடக்குப் பார்த்து, இந்த நாட்டில் நாள் முழுக்க வெயில் வாங்குகிற அந்த வாசலில் சில கிழமைகளில் அடையாளமே இருக்காது என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. விதி என்றால் விதிதான், நிபுணர் வரும்வரை காத்திருப்பதுதான் சரி என்று அவளுக்குச் சொன்னேன். என் மனைவி குழைத்த மஞ்சளைச் சேதம் என்று நானும் ஒப்புக்கொண்டேன்.

மதுரா என்னை ஒரு தடவை பார்த்தாள். நீண்ட நேரம் இல்லை. பிறகு அந்தப் பெண்ணிடம் ஆங்கிலத்தில் கேட்டாள், உள்ளே தீராந்தியில் சுட்ட அடையாளங்கள் இருக்கின்றனவே, அதற்கு யார் அனுமதி கொடுத்தார்கள் என்று.

அது வேறு, அது இந்த வீட்டில் குடியிருந்தவர்கள் தங்கள் பாதுகாப்புக்காகச் செய்தது என்றாள் அவள்.

“இப்போது குடியிருப்பது நான்” என்றாள் மதுரா. “இவ என்ர அம்மா. இவவும் அதுக்குத்தான் செய்யிறா.” முதல் பாதியை ஆங்கிலத்தில் சொன்னவள் மறுபாதியைத் தன்னையறியாமல் தமிழில் சொல்லிவிட்டு, திரும்ப அதையே ஆங்கிலத்தில் சொன்னாள்.

மதுரா தாயின் பக்கம் திரும்பினாள்.

“அம்மா, மற்றப் பக்கம் இன்னும் பூசேல்லை. வாங்கோ, பூசுங்கோ.”

சகுந்தலா என்னைப் பார்க்கவில்லை. கலியாணம் கட்டிய நாளிலிருந்து எதற்கும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் செய்கிறவள். நேரே போய் மற்ற நிலைக்காலில் மஞ்சளைப் பூசினாள். கை எட்டாத இடத்தில் மதுரா தாயின் மணிக்கட்டைப் பிடித்து உயர்த்திவிட்டாள். கரெத் ஓடிப்போய் ஒரு முக்காலி கொண்டுவந்தான்.

அந்தப் பெண் பார்த்துக்கொண்டு நின்றாள். ஒரு படம் எடுத்தாள். கடைசியில், ஆணியையாவது கழற்றுங்கள் என்றாள். அவளுடைய வேலையும் அவளுக்கு வேண்டுமல்லவா. சுதன் ஆணியைக் கழற்றினான், தோரணத்தை நூலால் கட்டினான். அது முதலிலேயே செய்திருக்கக்கூடிய வேலை. அதன் பிறகு மகளும் மருமகனும் வலது கால் வைத்து உள்ளே போனார்கள். சகுந்தலாவும் போனாள். நான் கடைசியாகப் போனேன், குனிந்து. அந்த வாசலுக்குள் நிமிர்ந்து போகமுடியாது.

வீடு திரும்புகிற வழியில், வெறிபீயில் சிவப்பு விளக்குக்கு நின்றபோது சகுந்தலா சொன்னாள்.

“அவள் வரமாட்டாள். நீங்கள் இனிப் புல்லு வெட்டிக்கொண்டு திரியாதேங்கோ.”

5

அனுமதி நிற்கவில்லை. குளிர்காலமும் வந்தது. மதுரா தடித்த கம்பளி போட்டுக்கொண்டு அடுப்புக்கு முன்னால் இருக்கிற படத்தைத் தாய்க்கு அனுப்பினாள். வீடு எப்படி என்று சகுந்தலா கேட்டதற்கு, “சூடா இருக்குதம்மா” என்று பதில் வந்தது. மண்சுவர் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும் என்பது எனக்குத் தெரியாதா? தெரியும். அதுவல்ல விஷயம்.

பொயிண்ட் குக் வீட்டை வாடகைக்கு விட்டேன். வந்தவர்கள் தமிழ்நாட்டுப் பக்கம், கலியாணமாகி ஒரு வருஷம் ஆகாத சோடி. அந்தப் பெண் மதுராவைவிட இரண்டு மூன்று வயது குறைந்தவளாக இருப்பாள். “அங்கிள், நாங்க நாளைக்குக் காலைல பால் காய்ச்சுறோம். எங்க அப்பா அம்மா ஊர்ல இருக்காங்க, பெரியவங்கன்னு இங்க யாரும் இல்ல. நீங்களும் ஆன்ட்டியும் வந்து இருந்தா நல்லா இருக்கும்” என்றாள்.

போகக் கூடாது என்றுதான் இருந்தேன். சகுந்தலா சீலை மாற்றிக்கொண்டு வந்து நின்றாள், போனோம். சாமிப்படத் தட்டுக்குக் கீழே சின்ன அடுப்பு வைத்து அந்தப் பிள்ளை பால் காய்ச்சினாள். பால் கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. அவளுடைய புருஷன் அதைப் படம் எடுத்து ஊருக்குக் காட்டிக்கொண்டிருந்தான், தொலைபேசிக்குள் யாரோ ஒரு தகப்பன் சந்தோஷத்தில் அழுதுகொண்டிருந்தார். அவள் முதல் கிண்ணத்தை என்னிடம் நீட்டி, குனிந்து என் காலைத் தொட்டாள். நான் என் மகளுக்கென்று வைத்திருந்த வாழ்த்தை அவளுக்குச் சொன்னேன்.